சிவிலியன் பைலட்டிலிருந்து அமெரிக்க ரிசர்வ் படை விமானி வரை: முழுமையான வழிகாட்டி

1922-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் விமானம் ஓட்டக் கற்கத் தொடங்கிய சார்லஸ் லிண்ட்பெர்க், அடுத்த ஆண்டே போரில் மிஞ்சிய ஒரு பழைய ஜென்னி விமானத்தை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று மக்களை ஏற்றிப் பறந்து பிழைத்து வந்தார். 1924 மார்ச்சில் டெக்சஸின் ப்ரூக்ஸ் ஃபீல்டில் ராணுவப் பயிற்சியில் சேர்ந்தபோது அவர் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்து முடித்திருந்தார். இருந்தும் மற்ற பயிற்சியாளர்களைப் போலவே அவரும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். 104 பேர் கொண்ட அந்த அணியில் ஓராண்டுக்குப் பின் தேறி வெளிவந்தவர்கள் 18 பேர். அவர்களில் முதலிடம் லிண்ட்பெர்குக்குக் கிடைத்தது. பிறகு ரிசர்வ் அதிகாரியாக, மாநிலத்தின் பகுதிநேரப் படையான மிசௌரி நேஷனல் கார்டின் ஸ்குவாட்ரனில் (விமானப் பிரிவில்) பணியாற்றிக்கொண்டே, வாரநாட்களில் செயின்ட் லூயிஸுக்கும் சிகாகோவுக்கும் இடையே தபால் விமானம் ஓட்டினார். 1927-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தபோதும் அவர் மிசௌரி நேஷனல் கார்டின் அதிகாரிதான்.

நூறு ஆண்டுகள் ஆன பின்னும் வழியின் அடிப்படை இதுவே. உங்கள் கையில் இருக்கும் சிவிலியன் லைசென்ஸ், அது பிரைவேட் பைலட் லைசென்ஸாக இருந்தாலும் ஏர்லைன் கேப்டனுக்கு உரியதாக இருந்தாலும், ராணுவப் பயிற்சிக்கு மாற்றாக ஏற்கப்படாது. அந்தப் பயிற்சிக்கு உங்களை அனுப்பலாம் என்று ஒரு ஸ்குவாட்ரன் நம்புவதற்கான காரணங்களில் ஒன்றாக அது இருக்கும். இந்த வேறுபாடு புரியாமல் விண்ணப்பித்து, ஆயிரம் மணி நேரம் பறந்த தன்னை விட்டுவிட்டு நூறு மணி நேரம் பறந்த ஒருவரை ஏன் எடுத்தார்கள் என்று மனம் நொந்தவர்கள் பலர். இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அவர்களுடைய கேள்விதான்.

எந்தப் படை, எந்த வாசல்

அமெரிக்காவில் பகுதிநேரமாக விமானப்படையில் பறக்க இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று ஏர் நேஷனல் கார்டு. இது 1947-இல் அமெரிக்க விமானப்படை தனிப் படையாகப் பிரிந்தபோதே உருவான அமைப்பு; அமைதிக் காலத்தில் மாநில ஆளுநரின் கீழும், குடியரசுத் தலைவர் அழைக்கும்போது மத்திய அரசின் கீழும் இயங்கும். மற்றொன்று ஏர் ஃபோர்ஸ் ரிசர்வ். இது முழுவதும் மத்திய அரசுக்கு உரியது. இதன் தலைமையகம் ஜார்ஜியா மாநிலத்தின் ராபின்ஸ் தளத்தில் உள்ளது. பயிற்சி, பதவி, சம்பளம், சீருடை ஆகியவை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முழுநேர விமானப்படையிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டும் பெரிய வேறுபாடு, உங்களைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதில் இருக்கிறது. முழுநேரப் படையில் பயிற்சியின் முடிவில்தான் எந்த விமானம், எந்த ஊர் என்பது தெரியவரும். அதைப் படையின் தேவையே தீர்மானிக்கும். கார்டிலும் ரிசர்விலும் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்குவாட்ரனே உங்களை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புகிறது. எந்த விமானத்தில் பறப்பீர்கள், எந்த ஊரில் வாழ்வீர்கள் என்பது பயிற்சிக்குக் கிளம்பும் முன்பே உங்களுக்குத் தெரியும். வீடும் குடும்பமும் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

ஒவ்வொரு பிரிவின் பணியும் தனித்தன்மை கொண்டது. நியூயார்க் மாநிலத்தின் 109-ஆம் ஏர்லிஃப்ட் விங், பனிச்சறுக்குக் கட்டைகள் பொருத்திய எல்சி-130 விமானங்களில் கிரீன்லாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் பறக்கிறது. மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்தில் உள்ள 53-ஆம் வானிலை ஆய்வு ஸ்குவாட்ரன், ஏர் ஃபோர்ஸ் ரிசர்வைச் சேர்ந்தது; அதன் விமானிகள் டபிள்யூசி-130 விமானங்களைப் புயலின் கண்ணுக்குள்ளேயே ஓட்டிச் செல்கிறார்கள். கலிபோர்னியா, நெவாடா, வயோமிங் மாநிலங்களின் கார்டு பிரிவுகளும் கொலராடோவில் உள்ள ஒரு ரிசர்வ் பிரிவும் சி-130 விமானத்தின் வயிற்றில் 3,000 கேலன் தொட்டியைப் பொருத்திக் காட்டுத்தீயின் மேல் தீத்தடுப்புத் திரவத்தைக் கொட்டுகின்றன. வெர்மான்ட்டின் பர்லிங்டனில் எஃப்-35 போர் விமானங்கள் உள்ளன. நீங்கள் எழுதப்போகும் முதல் கடிதத்துக்கு முன், இவற்றில் எந்தப் பணி உங்கள் மனதுக்கு நெருக்கமானது என்பதை நேர்மையாக யோசித்துக்கொள்ளுங்கள். ஏனெனில் நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

தகுதிகளை முதலில் சரிபாருங்கள்

அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் படையில் சாதாரண நிலையில் சேர முடியும் என்றாலும் அதிகாரியாக முடியாது; விமானப்படையின் விமானிகள் அனைவரும் அதிகாரிகள். இளங்கலைப் பட்டம் வேண்டும். எந்தத் துறையானாலும் ஏற்கப்படும். பட்டம் இல்லாதவர்களுக்கு தரைப்படையைச் சேர்ந்த ஆர்மி நேஷனல் கார்டில், வாரண்ட் ஆபீசர் என்னும் தொழில்நுட்ப அதிகாரி நிலையில் ஹெலிகாப்டர் விமானியாகும் தனி வழி இருக்கிறது.

வயதைப் பொறுத்தவரை, 33-ஆம் பிறந்தநாளுக்கு முன் விமானிப் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பதே பல பிரிவுகள் வைத்திருக்கும் வரம்பு. இதைப் படித்துவிட்டு 32 வயதில் விண்ணப்பிக்கத் தொடங்குவதில் பொருளில்லை. தேர்வான நாளிலிருந்து பயிற்சியின் முதல் நாள் வரை மருத்துவச் சோதனை, பாதுகாப்புச் சரிபார்ப்பு, அதிகாரிப் பயிற்சி என்று ஓராண்டுக்கு மேல் எளிதாக ஓடிவிடும். தேர்வாவதற்கே ஓரிரண்டு ஆண்டுகள் ஆகலாம். அதனால் 30 வயதை உங்கள் உண்மையான கடைசி எல்லையாக வைத்துக் கணக்கிடுவதே சரி.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, பாதுகாப்புச் சரிபார்ப்புக்கான படிவம். பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் ஆகியோரின் பிறந்த இடம், பிறந்த தேதி, குடியுரிமை, இப்போதைய முகவரி எல்லாவற்றையும் அது கேட்கும். நீங்கள் நெருங்கிப் பழகும் வெளிநாட்டவர்களையும், உங்கள் வெளிநாட்டுப் பயணங்களையும் குறிப்பிட வேண்டும். உறவினர்கள் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பது குற்றமன்று. ஆனால் ஒரு பெயரை எழுதாமல் விட்டு, அது பின்னால் தெரியவருவது பெரும் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தும். விடுமுறைக்கு ஊருக்குப் போன தேதிகளைப் பழைய பாஸ்போர்ட்டுகளிலிருந்து இப்போதே குறித்து வையுங்கள். இரண்டாவது, இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் ஓசிஐ அட்டை. வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுபவர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஓசிஐ பெறத் தகுதியற்றவர்கள் என்பது இந்திய உள்துறை அமைச்சகத்தின் விதி. தாத்தா பாட்டியைப் பார்க்க நினைத்தபோதெல்லாம் இந்தியா செல்லும் வசதியை இது பாதிக்கும் என்பதால், வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

குடியுரிமை இன்னும் கிடைக்காதவர்களும் வயது கடந்தவர்களும் சிவில் ஏர் பாட்ரோல் அமைப்பைப் பார்க்கலாம். 1941 டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்ட, விமானப்படையின் இந்தத் துணை அமைப்பில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களும் சேரலாம். ஊதியமில்லாத தொண்டாக, காணாமல் போன விமானங்களைத் தேடும் பணியில் பறக்கலாம்.

எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும்

பிரைவேட் பைலட் லைசென்ஸ் வரை முடித்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. சட்டம் கேட்கும் குறைந்த அளவு 40 மணி நேரம். நடைமுறையில் பெரும்பாலோருக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும். செலவு 10,000 டாலரைத் தாண்டும். லைசென்ஸ் கட்டாயமில்லை என்று பிரிவுகளின் அறிவிப்பில் எழுதியிருந்தாலும், நேர்காணலுக்கு அழைக்கப்படும் மற்றவர்கள் அதோடுதான் வருவார்கள். தன் சொந்தப் பணத்தில், வேலைக்குப் பின் மிஞ்சிய நேரத்தில், ஒருவர் அதை முடித்திருக்கிறார் என்பதே அவருடைய விருப்பம் வெறும் பேச்சில்லை என்பதற்குச் சான்று.

அதற்கு மேல் பறப்பது நல்லதுதான், ஆனால் அந்த நோக்கத்துக்காகவே பணத்தைக் கொட்டுவது வீண். காரணம் பிசிஎஸ்எம் எனப்படும் மதிப்பெண்ணின் அமைப்பில் இருக்கிறது. 1 முதல் 99 வரை செல்லும் இந்த எண், எழுத்துத் தேர்வில் விமானிப் பிரிவில் பெற்ற மதிப்பெண், கணினியில் நடக்கும் திறன் தேர்வு, பறந்த மணி நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. மணி நேரங்களில் தொடக்க மணி நேரங்களுக்கே எடை அதிகம். ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு எவ்வளவு பறந்தாலும் மதிப்பெண் நகராது. தேர்வு முடிந்ததும் வரும் முடிவுத்தாளில், இன்னும் இத்தனை மணி நேரம் பறந்தால் உங்கள் எண் இவ்வளவாகும் என்ற அட்டவணையே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கூடுதலாகப் பறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

இரண்டு தேர்வுகள்

முதலாவது ஏஎஃப்ஓக்யூடி என்னும் அதிகாரிகளுக்கான தகுதித் தேர்வு. கணிதம், சொல்லறிவு, விமானவியல் அறிவு, அடுக்கிய கட்டைகளை எண்ணுதல் என்று 12 பகுதிகள் கொண்ட நீண்ட தேர்வு இது. ஒவ்வொரு கேள்வியும் தனியாகப் பார்த்தால் எளிது, நேரம்தான் கடினம். எடுத்துக்காட்டாக, அட்டவணை வாசிப்புப் பகுதியில் எண்கள் நிறைந்த பெரிய கட்டத்தில் கொடுக்கப்பட்ட நிரலும் நிரையும் சந்திக்கும் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். 40 கேள்விகளுக்கு 7 நிமிடம். நேரம் வைத்துப் பழகாமல் போனவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். விமானிப் பிரிவு மதிப்பெண்ணுக்குக் கணிதம், அட்டவணை வாசிப்பு, கருவிகளைப் படித்தல், விமானவியல் அறிவு ஆகியவையே முக்கியம். லைசென்ஸுக்குப் படித்தவருக்குக் கடைசி இரண்டும் ஏற்கெனவே கைவந்திருக்கும். ஆகவே நேரத்தைக் கணிதத்துக்கும் அட்டவணைக்கும் ஒதுக்குங்கள்.

இரண்டாவது டீபாஸ் என்னும் கணினித் தேர்வு. ஒரு கணினி, மேசைமேல் ஒரு ஜாய்ஸ்டிக், காலடியில் ரடர் பெடல்கள் (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் மிதிகள்), காதில் ஹெட்ஃபோன். முதலில் திரையில் ஒரு வரைபடம் தெரியும். ஆளில்லா விமானம் ஒன்று, எடுத்துக்காட்டாக, தென்மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அதன் கேமரா வழியாக ஒரு கட்டடமும் அதன் நான்கு புறமும் வாகன நிறுத்துமிடங்களும் தெரியும். கிழக்கு நிறுத்துமிடத்தைப் படம்பிடி என்று கட்டளை வரும். விமானத்தின் திசையை மனதில் திருப்பிப் பார்த்து, எந்தப் புறம் கிழக்கு என்று நொடிகளில் தொட வேண்டும். அடுத்து, நகர்ந்துகொண்டே இருக்கும் இலக்கு ஒன்றைக் கையாலும் மற்றொன்றைக் காலாலும் ஒரே நேரத்தில் துரத்த வேண்டும். அப்படித் துரத்திக்கொண்டிருக்கும்போதே ஹெட்ஃபோனில் எண்களும் எழுத்துகளும் ஓடும். குறிப்பிட்டவை வரும்போது மட்டும் விசையை அழுத்த வேண்டும். பெடலைப் பழக, வீட்டில் ஒரு மலிவான ஃபிளைட் சிமுலேட்டர் பெடல் வாங்கிச் சில வாரங்கள் பழகினால் போதும். மறுவாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும் என்பதால், முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கிவிட்டுச் செல்லுங்கள்.

பிரிவைத் தேடிச் செல்வது

இந்தப் பயணத்தில் மிகுதியாகத் தவறு நடப்பது இங்கேதான். மதிப்பெண்கள் வந்ததும் நாற்பது பிரிவுகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை படிக்கப்பட்டு ஓரமாக வைக்கப்படுகின்றன. ஒரு ஸ்குவாட்ரனில் பகுதிநேர விமானியாகச் சேர்பவர் அங்கேயே 15, 20 ஆண்டுகள் இருப்பார். ஒரே விமானி அறையில், நள்ளிரவில் அட்லாண்டிக்கின் மேல், போர்ப் பகுதியில் ஒரு கூடாரத்தில் என்று அவரோடு வாழப்போகிறவர்கள்தான் தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவருக்கு அந்த இடத்தைத் தர அவர்கள் தயங்குவது இயல்பு.

ஆகவே நேரில் செல்லுங்கள். கார்டு பிரிவுகள் மாதத்தில் ஒரு வார இறுதி முழுமையாகக் கூடும்; அதுவே டிரில். விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த டிரிலுக்கு வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். தளத்தின் வாசலில் யாராவது ஒருவர் வந்து உங்களை உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதால், சொல்லாமல் போய் நிற்க முடியாது. போகும்போது கையில் ஒரு பெட்டி டோனட்டோ வேறு ஏதாவதோ எடுத்துச் செல்வது வழக்கம். அன்றைய நாளில் நீங்கள் பேசுவதைவிடக் கேட்பதே அதிகமாக இருக்கட்டும். பிரிவின் விமானங்கள் எவை, அண்மையில் எங்கே சென்று வந்தார்கள், எத்தனை பேர் ஏர்லைனில் வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். விமானிகளோடு மட்டும் நின்றுவிடாமல், ஹேங்கரில் எண்ணெய் படிந்த கையோடு நிற்கும் பராமரிப்புப் படைவீரர்களிடமும் மரியாதையோடு பேசுங்கள். நீங்கள் திரும்பிப் போன பின் அவர்களிடமும் கருத்துக் கேட்கப்படும்.

மூன்று அல்லது நான்கு பிரிவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பலமுறை சென்றவரே, நாற்பதுக்குக் கடிதம் எழுதியவரைவிட முன்னே நிற்கிறார். உங்கள் வீட்டிலிருந்து காரில் போகக்கூடிய தொலைவில் ஒரு பிரிவு இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். உள்ளூர்க்காரர் நீண்ட நாள் இருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு. அதே பிரிவில் மெக்கானிக்காகவோ, விமானத்தில் சரக்கைக் கவனிக்கும் லோட்மாஸ்டராகவோ முதலில் சேர்ந்து, சில ஆண்டுகள் நன்றாக வேலை செய்து, பிறகு விமானிப் பணிக்கு விண்ணப்பிப்பது. நாட்கள் கூடுதலாகும். ஆனால் பல பிரிவுகள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கே முன்னுரிமை தருகின்றன என்பதால், கல்லூரியில் படிக்கும் வயதில் இருப்பவர்களுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

விண்ணப்பக் கோப்பு

முகப்புக் கடிதம், தன்விவரக் குறிப்பு, கல்லூரி மதிப்பெண் பட்டியல், இரண்டு தேர்வுகளின் முடிவுகள், பறந்த மணி நேரங்களின் சுருக்கம், லைசென்ஸ் நகல், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவையே வழக்கமான உள்ளடக்கம். பிரிவு கேட்ட வரிசையிலேயே, ஒரே கோப்பாக அனுப்புங்கள். பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்குவதைவிட, உங்களுக்குக் கற்றுக்கொடுத்த விமானப் பயிற்றுநரிடமும் உங்கள் நேரடி மேலாளரிடமும் வாங்குவது நல்லது. தவறைச் சுட்டிக்காட்டியபோது நீங்கள் எப்படி ஏற்றுக்கொண்டீர்கள் என்பதை அவர்களால்தான் எழுத முடியும். பறக்கும் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தாலோ, காவல்துறை அபராதம் இருந்தாலோ, அதை மறைக்காமல் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

நேர்காணல்

பல பிரிவுகளில் நேர்காணலுக்கு முந்தைய மாலை ஸ்குவாட்ரனில் ஒரு சந்திப்பு இருக்கும். அழைக்கப்பட்ட விண்ணப்பதாரர்களும் விமானிகளும் ஒரே அறையில் நின்று பேசுவார்கள். அதை ஓய்வு நேரமாக யாரும் எண்ணிவிடக் கூடாது. உண்மையான நேர்காணல் அந்த மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. சக போட்டியாளரிடம் எப்படிப் பேசுகிறீர்கள், ஒருவர் பேசும்போது குறுக்கிடுகிறீர்களா, ஓரமாக நிற்பவரை உரையாடலுக்குள் அழைக்கிறீர்களா என்பதையெல்லாம் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மறுநாள் சூட் அணிந்து குழுவின் முன் உட்காரும்போது விமானவியல் கேள்விகள் அதிகம் வருவதில்லை. ஏன் ராணுவம், ஏன் கார்டு, ஏன் எங்கள் பிரிவு என்ற மூன்றும் தவறாமல் வரும். நீங்கள் செய்த பெரிய தவறு எது, எங்கள் பணியில் ஆயுதம் பயன்படுத்த வேண்டிவந்தால் உங்கள் மனநிலை என்ன, நீண்ட நாள் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டால் குடும்பம் என்ன சொல்லும், இன்று தேர்வாகாவிட்டால் என்ன செய்வீர்கள் ஆகியவை அடுத்தடுத்து வரும். கடைசிக் கேள்விக்கு, அடுத்த டிரிலுக்கும் வருவேன் என்று சொல்லி, தேர்வாகாதபோது உண்மையிலேயே போய் நின்றவர்களை மறு ஆண்டு எடுத்த பிரிவுகள் உண்டு.

ஆயுதம் பற்றிய கேள்வியில் ஒரு சொல் கூற விரும்புகிறேன். பறக்கும் ஆசை மட்டுமே உள்ளவர் இங்கே தடுமாறுவார். தபாலும் நிவாரணப் பொருளும் ஏற்றும் விமானத்தில் பறந்தாலும், அழைப்பு வரும் நாளில் நீங்கள் போரின் பகுதியாகிறீர்கள். இதைப் பற்றித் தனிமையில் நீண்ட நேரம் யோசித்து, மனம் ஒப்பாவிட்டால் இங்கேயே நின்றுவிடுவதில் எந்த இழுக்கும் இல்லை. ஏர்லைனில் பறப்பது மதிப்பான வாழ்க்கை.

தேர்வான பின் வரும் காத்திருப்பு

தேர்வாகிவிட்டீர்கள் என்ற தொலைபேசி அழைப்பு வந்த பின் மருத்துவச் சோதனை தொடங்குகிறது. விமானிகளுக்கான முதல் நிலைச் சோதனைக்காக ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் அருகே உள்ள ரைட்-பேட்டர்சன் தளத்துக்கு அழைப்பார்கள். கண்ணின் ஆழ உணர்வு, நிறப் பார்வை, இதயம், உளவியல் என்று உடலின் ஒவ்வொரு பகுதியையும் பார்ப்பார்கள். கண்ணாடி அணிபவர்களுக்கும் இடம் உண்டு, வரம்புக்குள் இருந்தால். லேசிக் போன்ற கண் அறுவை செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், பிரிவின் மருத்துவ அலுவலரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அறுவைக்கு முந்தைய கண் அளவுகளும் பிந்தைய காத்திருப்புக் காலமும் கணக்கில் எடுக்கப்படும். 13 வயதுக்குப் பின் ஆஸ்துமா இருந்தவர்கள், ஒற்றைத் தலைவலிக்கு மருந்து எடுத்தவர்கள், கவனக்குறைபாட்டுக்கு மருந்து எடுத்தவர்கள் எல்லோரும் ஆவணங்களோடு தயாராக இருக்க வேண்டும். சிலவற்றுக்கு விதிவிலக்கு கிடைக்கும். மறைத்ததற்கு விதிவிலக்கு கிடையாது. இப்போது உங்கள் பழைய மருத்துவப் பதிவுகளையே அவர்களால் கணினியில் பார்க்க முடிகிறது.

அடுத்தது அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியில் உள்ள மேக்ஸ்வெல் தளத்தில் சுமார் இரண்டு மாதங்கள் நடக்கும் அதிகாரிப் பயிற்சி. அணிவகுப்பு, தலைமைப் பண்பு, எழுத்து, உடற்பயிற்சி என்று நாள் விடியும் முன்பே தொடங்கி இரவு வரை நீளும். முடிவில் நீங்கள் செகண்ட் லெப்டினன்ட். 35 வயது ஏர்லைன் கேப்டன்கள் 22 வயதுப் பட்டதாரிகளோடு ஒரே வரிசையில் நிற்பது போன்ற காட்சி விமானிகளின் அணியில் அரிது என்றாலும், 30 வயதில் வருபவர்கள் தாங்கள் இதுவரை ஈட்டிய மதிப்பை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

விமானிப் பயிற்சி

இதற்காக மிசிசிப்பியின் கொலம்பஸ், டெக்சஸின் லாக்லின், ஓக்லஹோமாவின் வான்ஸ், டெக்சஸின் ஷெப்பர்ட் ஆகிய தளங்களில் ஒன்றுக்குச் செல்வீர்கள். ஏறத்தாழ ஓராண்டு. இந்தக் காலம் முழுவதும் முழுநேர அதிகாரியின் சம்பளமும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். இந்தத் தளங்களில் முதல் விமானம் டி-6 டெக்சன் II. 1,100 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை டர்போப்ராப் எஞ்சின், வெளியேற்று இருக்கைகள், தலைகீழாகப் பறக்கும் திறன். செஸ்னா 172 போன்ற சிறிய பயிற்சி விமானத்தில் பழகியவருக்கு அதன் வேகம் முதல் வாரத்தில் மூச்சு முட்டச் செய்யும். பிறகு போர் விமானங்களுக்குச் செல்பவர்கள் 1961 முதல் பணியில் இருக்கும் டி-38 ஜெட்டுக்கு மாறுவார்கள். சரக்கு, எரிபொருள் நிரப்பு விமானங்களுக்குச் செல்பவர்கள் முன்பு டி-1 ஜேஹாக்கில் பறந்தார்கள். அது ஓய்வு பெற்ற பின் அந்தப் பகுதி பெரும்பாலும் சிமுலேட்டருக்கு மாறிவிட்டது.

பயிற்சியின் கடுமையைக் காட்ட ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். பொழுது விடியும் முன் அறையில் மாணவர்கள் தங்கள் மேசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். பயிற்றுநர் ஒருவர் ஒரு சூழலை விவரிப்பார்: புறப்பட்டு 400 அடி உயரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. பிறகு ஒரு பெயரைச் சொல்வார். அந்த மாணவர் எழுந்து, விறைப்பாக நின்று, விமானத்தில் இருந்தால் கை எங்கே போகும், கண் எதைப் பார்க்கும், வானொலியில் என்ன சொல்வார் என்பதை வரிசையாகச் சொல்ல வேண்டும். சில அவசரநிலைகளுக்கான நடைமுறைகள் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதால் அவற்றுக்கே போல்ட்ஃபேஸ் என்று பெயர். அவற்றைச் சொல் மாறாமல், எழுத்துப் பிழையின்றி எழுத வேண்டும். தடுமாறினால் உட்காரச் சொல்வார்கள், அன்று பறக்க முடியாது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தெரிந்த விடை தொண்டையில் நின்றுபோகும் அனுபவம் எல்லோருக்கும் ஒருமுறையாவது நேரும். சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லிப் பழகுவதே இதற்கு மருந்து.

சிவிலியன் அனுபவம் இங்கே உதவுமா என்றால், முதல் சில வாரங்களுக்கு நன்றாக உதவும். வானொலியில் பேசுவதும், வானிலையைப் படிப்பதும், தரையிறங்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். அணிவகுத்துப் பறப்பதும், ஈர்ப்பு விசைக்கு எதிராக உடலை இறுக்கி மூச்சுவிடுவதும் தொடங்கும்போது எல்லோரும் ஒரே நிலைக்கு வந்துவிடுவார்கள். அதன் பிறகு பழைய பழக்கங்களே தடையாவதும் உண்டு. நான் கற்ற பள்ளியில் இப்படித்தான் செய்வோம் என்று ஒருமுறை சொன்னாலும், அது பயிற்றுநர்களின் நினைவில் நின்றுவிடும். கற்றதை மறக்க வேண்டியதில்லை. இந்த ஓராண்டுக்கு அவர்கள் சொல்லும் முறையை மட்டும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியில் தேறாதவர்களும் இருக்கிறார்கள். அப்போது பிரிவு வேறு பணி தரலாம், விடுவிக்கவும் செய்யலாம்.

விமானியின் சிறகுச் சின்னம் மார்பில் குத்தப்படும் நாளிலிருந்து 10 ஆண்டுகள் பணிபுரியும் கடமை தொடங்குகிறது. பயிற்சியில் கழித்த ஆண்டு இதில் சேராது.

சொந்த விமானத்துக்கு

வாஷிங்டன் மாநிலத்தின் ஃபேர்சைல்ட் தளத்தில் எதிரிப் பகுதியில் விழுந்தால் உயிர்பிழைக்கும் பயிற்சி உண்டு. குளிரும் பசியும் நிறைந்தது. பிறகு உங்கள் பிரிவின் விமானத்துக்கான பயிற்சி. சி-130 ஜே என்றால் ஆர்கன்சாவின் லிட்டில் ராக், சி-17 அல்லது கேசி-135 என்றால் ஓக்லஹோமாவின் ஆல்டஸ். முடிந்து ஊர் திரும்பியதும் சில மாதங்கள் முழுநேரமாகவே பறந்து பழகுவதற்குப் பிரிவுகள் நாட்களை ஒதுக்கும். அதிகாரிப் பயிற்சிக்குக் கிளம்பிய நாளிலிருந்து இதுவரை இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். இந்தக் காலத்துக்கான வீட்டு வாடகை, துணைவரின் வேலை, குழந்தையின் பள்ளி ஆகியவற்றை முன்பே திட்டமிடாத குடும்பங்கள் மிகவும் துன்பப்படுகின்றன.

இரண்டு வேலைகளோடு வாழ்வது

மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரங்கள் என்று விளம்பரங்கள் சொல்வது விமானிகளுக்குப் பொருந்தாது. விமானத்தில் தகுதியை இழக்காமல் இருக்க மாதத்தில் இன்னும் சில நாட்கள் சென்று பறக்க வேண்டியிருக்கும்; இதற்கென்றே ஊதியத்தோடு கூடுதல் பறப்புப் பயிற்சி நாட்கள் தரப்படுகின்றன. ஏர்லைன் விமானிகளே கார்டில் மிகுதியாக இருப்பதற்குக் காரணம், அவர்களுடைய வேலை அட்டவணை இதற்கு இடம் கொடுப்பதுதான்.

வேலை பாதுகாப்புக்கு 1994-இல் இயற்றப்பட்ட யூசெர்ரா சட்டம் இருக்கிறது. ராணுவப் பணிக்குச் சென்று திரும்புபவருக்குப் பழைய வேலையை, இடையில் கிடைத்திருக்க வேண்டிய பணிமூப்போடு திருப்பித் தர முதலாளி கடமைப்பட்டவர். ஒரே முதலாளியிடமிருந்து மொத்தம் 5 ஆண்டுகள் வரை இப்படி விலகியிருக்கலாம்; விமானிப் பயிற்சி போன்ற சில பணிகள் அந்தக் கணக்கில் சேராமல் போகவும் விதி உண்டு. சட்டம் வாய்மொழி அறிவிப்பையும் ஏற்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் தேதிகளோடு எழுத்தில் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்லைனுக்குப் போக விரும்புபவருக்கு ஒரு நேரடிப் பயனும் இருக்கிறது. 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பின், ஏர்லைனில் துணை விமானியாகவே 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. ராணுவ விமானிகளுக்கு இது 750. மேலும் ராணுவச் சிறகு பெற்றவர் ஓர் எழுத்துத் தேர்வு மட்டும் எழுதி வணிக விமானி லைசென்ஸைப் பெறலாம். தொடக்கத்தில் ராணுவம் உங்கள் சிவிலியன் லைசென்ஸை ஏற்கவில்லை; ராணுவத்தின் சிறகைச் சிவிலியன் அமைப்பு ஏற்கிறது.

சிறகோடு ஸ்குவாட்ரனுக்குத் திரும்பும் முதல் டிரில் நாளில், பெரும்பாலான பிரிவுகளில் மிக இளைய லெப்டினன்டுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு காத்திருக்கும். விமானிகளின் சிற்றுண்டி அறையில் காப்பித் தூள் தீராமல் பார்ப்பது, பாப்கார்ன் இயந்திரத்தைத் துடைப்பது, பணப்பெட்டியின் கணக்கு எழுதுவது. அந்தப் பொறுப்புக்கு ஸ்நாக்கோ என்று பெயர். அடுத்த லெப்டினன்ட் பயிற்சி முடித்து வரும் வரை அது உங்களுடையது.